அழுத பிள்ளைக்கு மாத்திரை இல்லை

ஒரு ஸ்பூனின் குழியில் மாத்திரை. அதன் மேல் பொருந்தினாற்போல் இன்னொரு ஸ்பூன். கட்டைவிரலால் ஓர் அழுத்து; ‘டக்’ என்று உடைகிறது. அதோடு விட்டுவிட மாட்டார். மேல் ஸ்பூனை இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பி அரைக்கிறார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஸ்பூனைக் கண்ணருகே கொண்டுபோகிறார். ஒரு குருணை தென்பட்டால் போதும், மறுபடி அரைப்பு. மாவாகிவிட்டது என்று மனசு ஒப்பினால்தான் கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றிக் கரைக்கிறார். இது ஒரு பிள்ளைக்கு. வரிசையில் இன்னும் எழுபத்தொன்பது பிள்ளைகள் நிற்கிறார்கள்.

எங்கள் தெருமுனையில் இருக்கும் பிள்ளைகள் காப்பகத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து, ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ளவர்களுக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கும் நர்ஸ் இவர். பெற்றோருக்கு சிஸ்டர், பிள்ளைகளுக்கு ஸ்பூன் அத்தை. ஐம்பதை நெருங்கும் வயது, கனத்த சரீரம். ஆனாலும் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில்தான் உட்காருவார். முழங்கால் இரண்டும் மார்பில் வந்து முட்டும். காப்பகத்தை நடத்தும் பெரிய டீச்சர் நல்ல நாற்காலியாக ஒன்றைக் கொண்டுவந்து போட்டால், நன்றி சொல்லி, அதில் தன் கைப்பையை உட்காரவைப்பார்.

“நான் உசரத்துல உக்காந்தா அதுங்க அண்ணாந்து பாக்கும். அண்ணாந்த கழுத்துல மருந்து போக வேண்டிய வழியில போகாது சார்” என்றார் என்னிடம். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். இந்தப் பத்திரிகைக்கு மாதம் ஒரு மனிதரை எழுதித் தருகிற பிழைப்பு என்னுடையது. இந்த மாதம் இவர் என்று முடிவு செய்து காலை எட்டரைக்கே போய்விட்டேன். இன்னொரு காரணமும் உண்டு. என் சின்னவனும் அந்த வரிசையில் நின்றான். இரண்டரை வயது. போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் அழுது ஊரைக் கூட்டி, மாத்திரை பெறாமல் திரும்பியவன். இந்தத் தடவையாவது அவன் வயிற்றுக்குள் அது போய்ச் சேர வேண்டும்.

அதிர்ச்சி என்பது ஒன்பது மணிக்கே ஆரம்பித்துவிட்டது. பெற்றோர் அத்தனை பேரும் பார்க்க, சிஸ்டர் முதல் மாத்திரையைப் பிய்த்துத் தன் வாயில் போட்டு நறநறவென்று மென்றார். “எனக்கும் பூச்சி இருக்கும், உங்களுக்கும் இருக்கும். இதுல வெக்கப்பட என்ன இருக்கு?” என்றார். ராத்திரியில் பிள்ளை பின்பக்கத்தைச் சொறிகிறதா, வெளிக்குப் போகும்போது வெள்ளையாக நெளிகிறதா என்று ஒவ்வொரு தாயிடமும் கேட்கிறார். குரலைத் தாழ்த்தியாவது கேட்கக் கூடாதா? மைக் வைத்த மாதிரி கேட்கிறார். கஞ்சி போட்ட புடவையில் வந்திருந்த ஓர் அம்மாள் முகத்தைச் சுளித்து, “எங்க வீட்ல எல்லாமே ரொம்ப சுத்தம் சிஸ்டர்” என்றாள்.

“சுத்தமான வீட்டுப் பூச்சி சுத்தமா இருக்கும்மா. அவ்ளோதான் வித்தியாசம். புள்ளைய உக்கார வைங்க.”

வயதைக் கேட்பதிலும் இவரை ஏமாற்ற முடியாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மாத்திரையே கிடையாது. ஒன்றிலிருந்து இரண்டு வரை பாதி. இரண்டுக்கு மேல்தான் முழுசு. பிள்ளைக்கு முழுசாகக் கிடைக்கட்டுமே என்று ஆசைப்பட்டு வயதைக் கூட்டிச் சொல்கிற தாய்மார் இருக்கிறார்கள். எதை வேண்டுமானாலும் குறைத்து வாங்குவார்கள், இலவசத்தில் மட்டும் பாதி என்றால் மனசு ஆறாது. சிஸ்டர் வயதைக் கேட்பதே இல்லை. “கேக்கு எத்தனை தடவ வெட்டினீங்க?” என்கிறார். அந்தக் கேள்விக்கு யாருக்கும் பொய் வரமாட்டேன் என்கிறது. கேக் வெட்டாத வீட்டுக்காரர்களிடம் தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்க்கிறார். காய்ச்சல் அடிக்கிறதா, இருமலா, வேறு மருந்து ஏதாவது ஓடுகிறதா என்று விசாரித்து, நெற்றியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, “இவளுக்கு ஒடம்பு தேறட்டும், அப்புறம் குடுக்கலாம்” என்று இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினார்.

அடுத்து அவர் செய்ததைப் பார்த்து நான் ஆடியே போய்விட்டேன். முன்வரிசையில் இருந்த ஒரு குழந்தையின் சுண்டு விரலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். “எல்லாரும் பாருங்க. இந்தப் புள்ளையோட மூச்சுக்குழாய் இந்த விரல் தண்டிதான்” என்றார். மறு கையில் முழு மாத்திரை. இரண்டையும் அருகருகே வைத்தார். மாத்திரைதான் பெரிசாக இருந்தது. மூச்சுக்குழாய் என்றால் தண்ணீர்க் குழாய் மாதிரி ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அதற்கு ஓர் அளவு உண்டு, அது என் மகன் மூக்கு நோண்டும் விரலின் அளவு என்று யார் சொன்னார்கள்?

“அழுற புள்ளைக்கு மருந்து இல்ல. சிரிக்கிற புள்ளைக்கும் இல்ல. ஓடுற புள்ளைக்கும், படுத்திருக்குற புள்ளைக்கும் இல்ல. நேரா உக்காந்து, வாய மூடிக்கிட்டு, என்னய வேடிக்கை பாக்குற புள்ளைக்குத்தான் மருந்து” என்றார் சிஸ்டர்.

விழுங்கியதோடு பிள்ளையை விட்டுவிடுவாரா? மாட்டார். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியில் பார்த்து, கன்னத்தின் இரு பக்கமும் பார்த்து, கடைசியில் கேட்பார்: “உங்கப்பா எப்பிடிக் கொறட்ட வுடுவாரு? வுட்டுக் காட்டு.” பிள்ளை குறட்டை விட்டுக் காட்ட வேண்டும். தொண்டையில் எதுவும் நிற்கவில்லை என்று அதில் தெரிந்துகொள்கிறார். பிறகே விரலில் மை. அறுபது வீட்டு அப்பாக்களின் குறட்டையை அறுபது விதமாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருத்தி ரயிலாகக் கூவினாள். ஒருவன் விசில் அடித்தான். “எங்கப்பா வுடமாட்டாரு, எங்கம்மாதான்” என்று ஒரு நாலு வயசு வாண்டு சபையில் போட்டுடைத்தது. அதன் தாய் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள், பாவம்.

பதினொரு மணிக்கு மேலதிகாரியின் போன். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் கிடத்திவிட்டு ஸ்பூனைத் திருப்பிக்கொண்டே பேசினார். எத்தனை முடிந்தது என்று அந்தக் குரல் அவசரப்பட்டது.

“நாப்பத்திரெண்டு முழுங்கிச்சு சார். மூணு அழுதுச்சு.”

“அழுததுக்கெல்லாம் பாரத்துல எடம் இல்லையே சிஸ்டர்?”

“நான் ஸ்கேல் வச்சு ஒரு கட்டம் போட்டுக்கிட்டேன் சார்.”

“நூத்துக்கு நூறு காட்டணும்னு மேல சொல்றாங்க. அழுத புள்ள பால் குடிக்கும்பாங்க. கொஞ்சம் புடிச்சு ஊத்த வேண்டியதுதானே?”

“பால் குடிக்கும் சார். மாத்திரை முழுங்காது” என்று சொல்லிவிட்டு, ஈரக்கையால் போனை அணைத்தார். என் பத்திரிகை ஆசிரியரிடம் நான் இப்படி ஒரு வார்த்தை பேசியிருந்தால் அடுத்த மாதம் என் பெயர் இந்தப் பக்கத்தில் இருக்காது. பதிவேட்டை எட்டிப் பார்த்தேன். நிஜமாகவே, அச்சடித்த கட்டங்களுக்கு அப்பால், பென்சில் கோட்டில் ‘அழுகை’ என்று ஒரு கட்டம். பழைய பக்கங்களைப் புரட்டினால், அந்தக் கட்டத்தில் இரண்டு தடவையும் இடம்பிடித்த ஒரே மகான் என் வீட்டுப் பிள்ளைதான்.

இன்னொரு விசித்திரமும் கவனித்தேன். கூடம் முழுக்கச் சந்தை இரைச்சல். அவர் அதைச் சட்டை செய்வதில்லை. ஆனால் எங்காவது ஒரு மூலையில் சத்தம் சட்டென்று குறைந்தால் தலை திரும்பிவிடும். ஒருமுறை பேச்சை நடுவில் விட்டுவிட்டு எழுந்துபோய்ப் பார்த்தார். ஒரு பெண்குழந்தை பொம்மையின் கையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. என்ன விஷயம் என்று கேட்டேன்.

“அழுக தேஞ்சு தேஞ்சு ஓயுறது வேற சார். அறுந்து போறது வேற. தொண்டையில அடைச்ச புள்ள கத்தாது. கத்துறதுக்கு அதுக்கிட்ட காத்து இருக்காது” என்றார்.

எழுதுகிறவன் புத்தி எங்கே போகும்? ஒரு கதை கிடைக்கும் என்று நாக்கைத் தீட்டிக்கொண்டு, “முன்னாடி எங்கயாவது ஏதாவது நடந்துச்சா சிஸ்டர்? உங்க கையில?” என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். “ஒண்ணும் நடக்கல. நடந்தாத்தான் பயப்படணுமா?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதையும் எழுதிக்கொண்டேன்.

பன்னிரண்டு மணி சுமாருக்குச் சின்னவனின் முறை வந்தது. ஸ்பூனைக் கண்டதும் என் காலைக் கட்டிக்கொண்டு ராகத்தை ஆரம்பித்தான். சுற்றி நின்ற பெற்றோர், ‘எழுதுகிறவர் வீட்டுப் பிள்ளை இப்படியா’ என்று பார்ப்பது போல எனக்குப் பட்டது. சிஸ்டர் மாத்திரையைத் தொடவே இல்லை. வெறும் தண்ணீர் இருந்த ஸ்பூனை அவன் கையில் கொடுத்து, “எனக்கு ஒடம்பு சரியில்ல கண்ணு. நீதான் டாக்டரு. மருந்து குடு” என்று வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். அழுகை நின்றது. வேடிக்கைதான். சின்னவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே முன்னால் போனான். இடது கையை நீட்டி, முதல் வேலையாக சிஸ்டரின் மூக்கை இறுக்கிப் பிடித்தான். பிறகுதான் ஸ்பூனைத் தூக்கினான்.

கூடமே சிரித்தது. சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. மூக்கு அவன் பிடியில் இருக்க, கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தார்.

“வீட்ல இப்பிடித்தானா சார்?”

எங்கள் வீட்டில் மருந்து என்றால் இப்படித்தான். என் அப்பா எனக்குச் செய்தார், நான் என் பெரியவளுக்குச் செய்தேன், இப்போது இவனுக்குச் செய்கிறேன். மடியில் கிடத்தி, இரண்டு காலையும் என் தொடைக்கு இடையில் இடுக்கி, மூக்கைப் பிடித்தால் வாய் தன்னால் திறக்கும். மனைவி அடுத்த அறைக்குப் போய்விடுவாள். பத்து வினாடியில் வேலை முடிந்துவிடும் என்று நண்பர்களிடம் பெருமை அடித்திருக்கிறேன். ஆனால் அத்தனை பேர் முன்னால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நான் இல்ல சிஸ்டர். இவங்கம்மா சில நேரம்...” என்றேன். நாக்கு கூசவில்லை.

“யாரா இருந்தாலும் விடச் சொல்லுங்க. இந்த மூக்க விட்டாத்தான் இவன் வாயத் தொறப்பான். இன்னிக்கு இவன் அழுதாச்சு, வேணாம். வியாழக்கெழம விட்டுப்போன பிள்ளைங்களுக்குன்னே திரும்ப வரேன். அதுக்குள்ள வீட்ல ஸ்பூன அவன் கையில குடுத்து விளையாட விடுங்க” என்றார். பென்சிலை எடுத்தார். அழுகைக் கட்டத்தில் மூன்றாவது தடவையாக அவன் பெயர்.

என் சட்டைப் பையில் மாத்திரை இருந்தது. முதல் நாளே மருந்துக் கடையில் வாங்கிவைத்தது. இவன் அழுவான், இவர் கொடுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமை மறுபடி ஒரு பொழுதை இதில் கழிக்கவும் எனக்கு இஷ்டமில்லை. அதெல்லாம் சாக்கு. உள்ளதைச் சொல்கிறேன்: எனக்கு மானம் போய்விட்டது, கோபம் தலைக்கு ஏறிவிட்டது. நாங்களும்தான் மூக்கைப் பிடித்து ஊற்றி வளர்ந்தோம், செத்தா போய்விட்டோம்? இவர் என்ன பெரிய இது? கொடுத்து முடித்துவிட்டு, ‘முழுங்கிட்டான் சிஸ்டர், மை வைங்க’ என்று கொண்டுவந்து நிறுத்த வேண்டும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஆளுக்கு யார் சொல்லி என்ன? காலையிலிருந்து அவர் சொன்னது அத்தனையும் என் நோட்டில் இருந்தது. நோட்டோடு நின்றுவிட்டது.

கூடத்துக்குப் பின்னால், பிள்ளைகள் கை கழுவுகிற குழாய் வரிசை. அங்கே ஒருவரும் இல்லை. படியில் உட்கார்ந்து சின்னவனை மடியில் மல்லாக்கக் கிடத்தினேன். தூளாக்க ஸ்பூன் ஏது? மாத்திரையை என் பல்லாலேயே கடித்தேன். பழ வாசனையும் சுண்ணாம்பு ருசியுமாக இருந்தது. உள்ளங்கையில் துப்பிப் பார்த்தேன். மூன்று துண்டு, அதில் ஒன்று பெரிசு. உடைத்தாயிற்று இல்லையா, போதும் என்று தோன்றியது. அவனுக்குப் புரிந்துவிட்டது. அப்போது அவன் மருந்து வேணாம் என்று அழவில்லை. “மூக்கு வேணாம்ப்பா, மூக்கு வேணாம்ப்பா” என்றுதான் அழுதான். காதில் விழுந்தது. விழுந்தும் பிடித்தேன்.

வாய் திறந்தது. துண்டுகளைப் போட்டேன். அழுகை நின்றது.

இதைச் சொல்லாமல் விட்டால் இந்த எழுத்துக்கே அர்த்தம் இல்லை: அந்த ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாடா, முழுங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

மூக்கை விட்டேன். அவன் மூச்சை இழுக்கவில்லை. வாய் முழுசாகத் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கண் இரண்டும் பெரிதாகி என்னையே பார்த்தது. கை என் சட்டையைப் பிடித்து இழுத்தது. உதட்டின் நிறம் மாறியது. கத்த வேண்டும் என்று தெரிகிறது, கத்தவில்லை. விரலை அவன் வாய்க்குள் விட்டுத் துழாவப் போனேன்.

பளீரென்று என் கையில் ஓர் அடி விழுந்தது. “விரல விடாதீங்க. இன்னும் உள்ள போயிடும்.”

நான் கூப்பிடவில்லை. யாரும் கூப்பிடவில்லை. எண்பது பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவே, சுவருக்கு அந்தப் பக்கம், ஓர் அழுகை அறுந்ததைக் கேட்டுவிட்டு அந்தக் கனத்த உடம்பு ஓடி வந்திருக்கிறது. காலில் செருப்பு இல்லை. ஈரத் தரையில் தொப்பென்று உட்கார்ந்து, சின்னவனைத் தன் தொடை மேல் குப்புறப் போட்டார். தலை கீழே தாழ்ந்திருந்தது. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே ஓங்கி அடித்தார். ஒன்று. இரண்டு. மூன்று. ஒரு குழந்தையை யாரும் அப்படி அடித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நான்கு. ஐந்து. ஒன்றும் வரவில்லை.

“ஆயாம்மா, ஆம்புலன்சுக்குப் போன் போடுங்க. ரெண்டரை வயசு, தொண்டையில அடைப்புன்னு சொல்லுங்க” என்று பின்னாலேயே ஓடிவந்த காப்பக ஆயாவிடம் சொன்னார். பிள்ளைகளிடம் குறட்டை கேட்கிற அதே குரல்தான். அவனைத் தூக்கி நிறுத்தி, பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்கு மேலே ஒரு கையை முஷ்டியாக வைத்து, மறு கையால் அதைப் பொத்தி, உள்ளேயும் மேலேயுமாக வெடுக்கென்று இழுத்தார். அவன் தலை துணிப் பொம்மையின் தலை மாதிரி ஆடிற்று. இன்னொன்று. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது இழுப்பில் ஏதோ தெறித்து ஈரத்தில் விழுந்தது. பெரிய துண்டு. என் பல் பட்ட அடையாளத்தோடு கிடந்தது.

பிறகு ஒரு விசில் மாதிரி ஓர் ஓசை. பிறகு இருமல். பிறகு அழுகை, தொண்டை கிழிகிற அழுகை. அந்தச் சத்தத்துக்காக என் வீட்டை எழுதிக் கொடுக்கச் சொன்னாலும் கொடுத்திருப்பேன்.

ஆயாம்மா போனும் கையுமாக வந்து, “என்னாத்த முழுங்குச்சு? யாரு குடுத்தது?” என்று கேட்டாள். பெரிய டீச்சர் வெளிறிப்போய், “நம்ம மாத்திரையா?” என்று சிஸ்டரைப் பார்த்தார். எழுத வந்தவன் நான். ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றால் பழி யார் தலையில் விழும் என்று தெரியாத ஆள் இல்லை. பென்சில் கட்டம் போட்டு மேலதிகாரியோடு மல்லுக்கு நின்ற பெண்பிள்ளையின் வேலையே போய்விடும். அப்படியும் என் வாய் திறக்க நாலைந்து வினாடி ஆயிற்று. வெட்கக்கேடு.

“நான்தான். கடையில வாங்கி வச்சிருந்தேன். நான்தான் மூக்கப் புடிச்சேன். வீட்லயும் நான்தான், அவ இல்ல” என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலாம். சிஸ்டர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “எத்தன துண்டு?”

“மூணு.”

“இங்க ஒண்ணு கெடக்கு. மிச்சம் ரெண்டத் தேடுங்க.”

குழாயடியில் மண்டி போட்டுத் தேடினேன். பிள்ளைகளின் செருப்புகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். ஒரு துண்டு அவன் சட்டைக் காலருக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று கிடைக்கவே இல்லை.

“அது வயித்துக்குள்ள போயிருந்தா ஒண்ணும் இல்ல. நெஞ்சுக்குள்ள போயிருந்தா இப்ப தெரியாது, நாளைக்கு நாளன்னிக்குத்தான் தெரியும். டாக்டர் பாக்கணும். நல்லாத்தானே மூச்சு விடுறான்னு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடாதீங்க. வண்டி வரட்டும், நானும் வரேன்” என்றார்.

மீதிப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்படி பெரிய டீச்சரை உள்ளே அனுப்பிவிட்டு, படியில் உட்கார்ந்து சின்னவனைத் தோளில் நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டார். அவர் புடவை இடுப்பு வரை நனைந்திருந்தது. சின்னவனின் அழுகை தேய்ந்து தேய்ந்து விக்கலாக மாறியது. மனைவிக்குப் போன் செய்ய வேண்டும். எடுத்த எடுப்பில் என்ன சொல்வது? எண்ணை அழுத்தவே எனக்குத் துணிச்சல் இல்லை. அவனைத் தூக்கிக்கொண்டால் கொஞ்சம் தெம்பு வரும் என்று பக்கத்தில் போய், “வாடா, அப்பாகிட்ட வா” என்று கையை நீட்டினேன்.

அவன் இரண்டு உள்ளங்கையாலும் தன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

நீட்டிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல் அதைப் பின்னால் இழுத்துக்கொள்ளப் போனேன். சிஸ்டர் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். இழுத்து, கையை விரித்து, சின்னவனின் முதுகில் வைத்தார். வைத்து, அதன் மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டார். ஈரச் சட்டைக்கு அடியில் அந்தக் குட்டி முதுகு ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது. எனக்குத் தாங்கவில்லை. கையை உருவிக்கொள்ளப் பார்த்தேன். அவர் விடவில்லை.